கப்பலில் வந்தவர்களும் படகில் வந்தவர்களும்

அத்தோ சாப்பிடாதவர்கள் இப்போது ஆவடியில் குறைவு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம் வரை சி.டி.எச். சாலையோரம் பார்த்துக்கொண்டே போனால் பானிபூரி வண்டிக்கும் சில்லி சிக்கன் வண்டிக்கும் நடுவே ஒரு அத்தோ வண்டி தட்டுப்படும். ஆரஞ்சு நிற நூடுல்ஸை அள்ளிப் போட்டு, முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் சேர்த்துக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோவை நொறுக்கித் தூவிக் கொடுப்பார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். வண்டிக்காரர் பர்மாக்காரராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. விழுப்புரத்துப் பையன் பிசைகிறான், பீகார்ப் பையன் தட்டு கழுவுகிறான். அத்தோ மெட்ராஸ் சாப்பாடாகிவிட்டது.

அதைக் கொண்டுவந்தவர்கள் அகதிகள். பர்மாவில் நே வின்னின் ராணுவ ஆட்சி கடைகளையும் வங்கிகளையும் அரசுடைமை ஆக்கியதும், மூன்று நான்கு தலைமுறையாக இரங்கூனில் பிழைத்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். 1964க்குப் பிறகு இப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். அவர்களையும் முதலில் முகாமில்தான் வைத்தார்கள். ஆனால் முகாமுக்கு அடுத்து என்ன என்பதற்கு அரசிடம் அன்று பதில் இருந்தது. வியாபாரக் கடன், வீட்டுக் கடன், காலனியில் மனை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் பர்மாக்காரர் குடியிருப்புகள் எழுந்தன. 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி பர்மா பஜார் வந்தது. அதே 1969இல், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்கென்றே ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். அதுதான் ரெப்கோ. இன்று நகைக்கடனுக்கு அந்த வங்கியின் படியேறுகிற பலருக்கு அது அகதிகளுக்காகப் பிறந்த வங்கி என்று தெரியாது. அப்படித் தெரியாமல் போனதைத்தான் நான் அந்தத் திட்டத்தின் வெற்றி என்பேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியதும் 1964இல்தான். ஏற்கெனவே 1949இலிருந்து டி.ஐ. சைக்கிள் கம்பெனி இருந்தது. 1961இல் ஆவடியில் டாங்கி தொழிற்சாலை வந்தது. ஏரியும் வயலுமாகக் கிடந்த ஊர்களுக்குத் தஞ்சாவூரிலிருந்தும் நெல்லையிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். இந்தப் பக்கத்தில் பூர்வீகம் விசாரித்தால் பத்து வீட்டில் எட்டு வீடு வெளியூர் என்று சும்மா சொல்வதில்லை. எல்லாரும் வந்தவர்கள். யார் எப்போது வந்தார்கள், என்ன காகிதத்தோடு வந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். அகதிகளை வரவேற்பது என்று ஆரம்பித்தாலே நம்மவர்கள் மனசைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். விருந்தோம்பல், தொப்புள்கொடி உறவு, வந்தாரை வாழவைக்கும் தமிழகம். எனக்கு அந்த மனசில் சந்தேகம் இல்லை. இலங்கையிலிருந்து 1983 ஜூலைக் கலவரச் செய்தி வந்தபோது இங்கே எழுந்த கொதிப்பு உண்மையானது. ஆகஸ்ட் 2ஆம் தேதி நடந்த பந்தில் தமிழ்நாட்டில் ரயில்கூட ஓடவில்லை. பள்ளிக்கூடங்களில் துணி சேர்த்தார்கள், அரிசி சேர்த்தார்கள். ராமேஸ்வரம் மீனவர்கள் கரையில் நின்று, படகில் வந்தவர்களைக் கைதூக்கி இறக்கினார்கள். மனசு இருந்தது. நாற்பது வருஷம் கழித்தும் அந்த மனசைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க முடியவில்லை என்பதே என் புகார்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். தோட்டத்து மக்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆடுமாடு பங்கு பிரிப்பதுபோல் இரண்டு அரசுகள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டன. அநியாயமான ஒப்பந்தம்தான், ஆனால் அதன்படி வந்தவர்கள் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்தார்கள். அரசின் கணக்கில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. அவர்களுக்காகவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. இதைச் சொன்னதும் எல்லாம் சுபமாக முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கடனைத் தரகர்கள் சுருட்டினார்கள். கொடைக்கானல் மலையில் கொத்தடிமையாகச் சிக்கியவர்கள் உண்டு. கோத்தகிரிப் பக்கம் இன்றும் ‘சிலோன்காரன்’ என்ற பெயர் போகவில்லை. ஆனாலும் அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள், வார்டுக்கு நிற்கிறார்கள். கெட்டது நடந்தால் எதிர்த்து வழக்குப் போட ஒரு காலூன்றும் இடம் இருக்கிறது.

1984இல் அந்தக் கப்பல் நின்றுபோனது. ஒப்பந்தத்தின்படி வர வேண்டியவர்களில் பலர் அக்கரையிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1977 கலவரத்திலேயே மலையிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடி வந்து காடு வெட்டிக் குடியேறியிருந்தவர்கள். வன்னிக்குப் போர் வந்தபோது யாழ்ப்பாணத்தாரோடும் மன்னார்க்காரர்களோடும் சேர்ந்து அவர்களும் ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறினார்கள். அரிச்சல்முனை மணல்திட்டில் இறங்கினார்கள். ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் குடும்பம் 1970களில் கப்பலில் வந்தது. தம்பி குடும்பம் 1990இல் படகில் வந்தது. ஒரே தாத்தா, புதுக்கோட்டைப் பக்கம் ஒரே பூர்வீகக் கிராமம். அண்ணன் மக்கள் இந்தியக் குடிமக்கள். தம்பி மக்கள், பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் வந்ததால், சட்டத்தின் கண்ணில் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’. முகாம்களில் இருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இப்படி இந்திய வம்சாவளியினர் என்று இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள்.

1983 முதல் நான்கு அலைகளாக வந்தவர்கள் 3,04,269 பேர் என்பது அரசுக் கணக்கு. திரும்பியவர்கள், வெளிநாடு போனவர்கள், செத்தவர்கள் போக, 2021இல் 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். போலீஸ் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வாடகைக்கு இருந்தவர்கள் 34,087 பேர். எங்களுக்குப் பக்கத்தில் பெரிய முகாம்கள் புழலும் கும்மிடிப்பூண்டியும். வெளியே இருப்பவர்களில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் வளசரவாக்கம், போரூர் பக்கம். வெளிநாட்டிலிருந்து தங்கச்சியோ மகனோ பணம் அனுப்பும் வீடுகள். இல்லாதவர்கள் முகாமில்.

எங்கள் பக்கத்து அடுக்ககங்களுக்குப் பெயிண்ட் அடிக்க வருபவர்களில் புழல் முகாம்காரர்கள் நிறையப் பேர். அம்பத்தூரிலிருந்து கள்ளிக்குப்பம், சூரப்பட்டு வழியாகப் போனால் அரைமணி நேரத்தில் காவாங்கரை. தமிழ்நாட்டில் எந்த முகாமுக்குப் போனாலும் ஆண்களுக்குப் பெயிண்டிங்தான் தொழில். காரணம் லேசானது. சான்றிதழ் கேட்காத வேலை. முதல் போட வேண்டாத வேலை. காலையில் போய் ராத்திரிக்குள் முகாமுக்குத் திரும்பிவிடக்கூடிய வேலை. எங்களுக்கு வந்த மேஸ்திரிக்கு முப்பது வயது இருக்கும். பட்டி பார்ப்பதில் கெட்டிக்காரர். பட்டி காய்ந்ததும் ஒரு பல்பைச் சுவரோடு ஒட்டிப் பிடிப்பார். அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். அவற்றைப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போவார். அப்புறம்தான் எமரித்தாள். ஒரு ஹாலுக்கு அரைநாள் இப்படியே போகும். காண்ட்ராக்டர் அவசரப்படுத்தினாலும் கேட்கமாட்டார்.

இரண்டாவது மாடி அம்மாள் டீ கொண்டுவந்து வைத்தபோது பேச்சு இப்படிப் போனது.

“எந்த ஊருப்பா நீ?”

“புழல்க்கா.”

“புழல்ல எங்க? ஜெயில் பக்கமா?”

“காவாங்கரைக்கா.”

“ஓ... கேம்ப்பா?”

“ஆமாக்கா.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கெட்ட மனசெல்லாம் இல்லை. மறுநாளிலிருந்து டீயோடு போண்டாவும் வந்தது. ஆனால் அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குப் புரியவில்லை. எந்த வருஷம் வந்தீர்கள் என்று கேட்க முடியாது. மேஸ்திரி பிறந்ததே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில். எங்களிடம் பேசும்போது அசல் வடசென்னைத் தமிழ். ஃபோனில் அம்மா வந்தால் மட்டும், “ஓம் அம்மா, இன்னும் கொஞ்சத்தில வெளிக்கிட்டிடுவன்.” அவர் பார்த்தேயிராத ஊரின் தமிழ். ஆதார் இருக்கிறது, டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. நாடுதான் இல்லை.

மாதத்தில் ஒரு நாள் வேலை அப்படியே நின்றுவிடும். “நாளைக்கு செக்கிங் சார்” என்று முந்தின நாளே சொல்லிவிடுவார். வருவாய்த்துறைக்காரர் முகாமுக்கு வந்து அட்டையை வைத்துக்கொண்டு தலை எண்ணும் நாள். வீட்டில் உள்ளவர்கள் நேரில் நின்று காட்ட வேண்டும். வராதவர் பெயரை வெட்டிவிடுவார்களோ என்ற பயம் பிறந்ததிலிருந்து அவர்களுக்கு உண்டு. பெயர் போனால் பணக்கொடை போகும், பதிவு போகும், பதிவு போனால் ஆள் இருப்பதற்கே அத்தாட்சி கிடையாது. எங்கள் சங்கச் செயலாளர் ஆவடித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சைரனுக்கு வேலைக்குப் போன மனிதர். “பாதில சாரத்த கட்டி வச்சிட்டு என்னய்யா செக்கிங்கு?” என்று முதலில் சத்தம் போட்டார். சங்கதி இன்னது என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் சாரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “நாப்பது வருஷமாவா எண்றாங்க?”

எண்ணுவதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதில் நம் பூந்தமல்லிக்கும் இடம் இருக்கிறது. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூருக்குப் போனது போரூர், பூந்தமல்லி வழியாகத்தான். அங்கே அவரைக் கொன்ற குண்டுவெடிப்புக்குப் பிறகு தமிழ்நாட்டின் முகம் ஒரே வாரத்தில் மாறியது. வீடு கொடுத்தவர்கள் காலி செய்யச் சொன்னார்கள். முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் வரக் கூடாது என்றது அரசு. அகதிப் பிள்ளைகளின் படிப்பு பல வருஷம் பாதிக்கப்பட்டது. 1992இல் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். விருப்பத்தோடுதான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறக்க வேண்டிவந்தது. கொலை வழக்கின் தடா நீதிமன்றம் பூந்தமல்லியில் அமைந்தது. 1998 ஜனவரி 28ஆம் தேதி 26 பேருக்கும் மரண தண்டனை என்ற தீர்ப்பு இங்கிருந்துதான் போனது. அதில் 19 பேரை அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதே பூந்தமல்லியில் ‘சிறப்பு முகாம்’ என்ற பெயரில் ஒரு சிறையும் நடந்தது. 1946ஆம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டி, தண்டனை இல்லாமல், சில சமயம் ஜாமீன் கிடைத்த பின்னும், இலங்கைத் தமிழர்களை உள்ளே வைத்தார்கள். அவர்கள் உண்ணாவிரதம் இருந்தால் பத்திரிகையில் நாலு வரி வரும். பூந்தமல்லி பஸ்ஸுக்கு நின்றவர்களில் எத்தனை பேர் அந்தச் சுவரைக் கவனித்திருப்போம்?

குற்றவாளிகள் இருந்திருக்கலாம், சட்டம் அவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு கொலைக்கு ஒரு மக்கள் கூட்டத்தையே ஜாமீனாகப் பிடித்து வைத்தோம் என்பதுதான் உறுத்துகிறது. தொ. பத்தினாதனின் ‘போரின் மறுபக்கம்’ படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. முகாமில் வளர்ந்த ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதிய புத்தகம் அது. ஈழத்தைப் பற்றி மேடையில் முழங்குகிற தமிழகத்துக்குள் முகாமைப் பற்றித் தெரியாத தமிழகம் ஒன்று இருக்கிறது என்பதை அதைப்போல் முகத்தில் அடித்தாற்போலச் சொன்ன புத்தகம் தமிழில் குறைவு.

பழிமட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமாகாது. 1984இல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ அகதிகள் மறுவாழ்வுக் கழகம் முகாம்காரர்களையே ஆசிரியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றி எடுத்தது. இங்கே பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று வாங்கி, இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்துவைக்க அலைந்ததும் அவர்கள்தான். 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தார். பழுதான 7,469 வீடுகளைக் கட்டித் தருவது அதில் பெரிய பகுதி. தார் அட்டை வேய்ந்த பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை படுத்த இடங்களில் இப்போது கான்கிரீட் வீடுகள் நிற்கின்றன. அகதி முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று உயர்ந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் மாதம் 3,500 ரூபாய். அம்பத்தூரில் ஒற்றைப் படுக்கையறை வீட்டு வாடகையில் பாதிகூட வராது. இருந்தாலும் வீடு வீடுதான். மழைக்கு ஒழுகாத கூரையின் அருமை ஒழுகிய கூரையின் கீழ் இருந்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பட்டா மட்டும் கிடையாது.

மாநில அரசால் செய்ய முடிந்தது அவ்வளவு. குடியுரிமை டெல்லியின் கையில். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதன் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவர்களுக்கு இன்னும் இறுக்கம். அதனால்தான் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்றம் போய் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் ஓட்டுப் போட்டார். மண்டபத்திலேயே இரண்டு வருஷம் கழித்து ஒருவர் பிறந்திருந்தால் அந்த ஓட்டு இல்லை. 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சேர்த்தவர்கள் இலங்கையைச் சேர்க்கவில்லை. இந்த அகதிகளில் இந்துக்கள் பெரும்பான்மையாக இருந்தும் சேர்க்கவில்லை என்பதிலிருந்தே மதம் மட்டும் அங்கே கணக்கில்லை என்பது தெரிகிறது. 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா சத்திரமா என்ற தொனியில் உச்ச நீதிமன்றம் வாய்மொழியாகக் கேட்டது. அதே வருஷம் செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்குக் கொடுத்தது. நல்ல காரியம்தான். இருந்தால் தண்டிக்கமாட்டோம் என்கிறது. இருக்கலாம் என்று இன்னும் சொல்லவில்லை.

திரும்பிப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போகிறார்கள். வயதானவர்களுக்கு அந்த ஆசை விட்டுப்போகாது. 2025இல் அப்படித் திரும்பிய ஒரு முதியவரை, பல வருஷத்துக்கு முன் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போன குற்றத்துக்காக யாழ்ப்பாண விமான நிலையத்தில் கைது செய்தார்கள். இரண்டு கரையிலும் ஒரே குற்றம்: கேட்காமல் கடல் தாண்டியது.

இதே மக்கள் வேறு கரையில் இறங்கியபோது என்ன நடந்தது என்று பார்க்கலாம். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காக்கும் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டு காப்பாற்றினார். கனடா அவர்களுக்கு உடனேயே வேலை செய்ய அனுமதி கொடுத்தது. பின்னால் குடியுரிமையும் வந்தது. கனடாக்காரர்கள் எல்லாரும் மகாத்மாக்கள் என்று சொல்லவரவில்லை. 2010இல் எம்.வி. சன் சீ கப்பலில் வந்த 492 தமிழர்களை அதே நாடு அள்ளிக்கொண்டுபோய் உள்ளே வைத்தது. ஆனால் அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. வியட்நாம் அகதிகள் வந்த 1979இலிருந்து, ஐந்து குடிமக்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஓர் அகதிக் குடும்பத்தைத் தாங்களே பொறுப்பேற்க முடிந்தது. ஒரு வருஷத்து வாடகை, மளிகை, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அந்த ஐவர் பாடு. தேவாலயத்துக்காரர்கள் செய்தார்கள், தெருக்காரர்கள் செய்தார்கள். அன்று இரண்டே வருஷத்தில் அங்கே போன 60,000 இந்தோ-சீன அகதிகளில் பாதிக்கு மேல் இப்படிப் போனவர்கள். அந்த ஐந்து கையெழுத்துக்கு மதிப்பு வந்தது, வருஷம் முடிந்தும் அந்தக் குடும்பம் அங்கேயே இருக்கலாம் என்று அரசு முதலிலேயே கையெழுத்துப் போட்டிருந்ததால்தான்.

நம் ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு வரும் என்று கனவு காணவில்லை. ஆனால் ஒரு தெருவின் கையில் இருப்பதும் கொஞ்சம் இல்லை. மேஸ்திரியின் தங்கை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கார்மெண்ட் கம்பெனியில் தையல் வேலை செய்கிறாள். காலை ஷிப்டுக்கு வசதியாகக் கள்ளிக்குப்பத்தில் வீடு பார்த்தார்கள். புரோக்கர் காட்டிய வீடு பிடித்தது, அட்வான்ஸ் பேசி முடித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்ததும் வீட்டுக்கார அம்மாள், “நீங்க நல்லவங்களாத்தான் இருப்பீங்கம்மா. ஆனா கியூ பிராஞ்சு போலீஸ் வந்து நிப்பான், எங்க வீட்டுக்காரருக்கு பி.பி. இருக்கு” என்று சொல்லிவிட்டார். பி.பி. உண்மையாகவே இருந்திருக்கும். வாடகைதாரர் விவரத்தைப் போலீஸ் நிலையத்தில் கொடுப்பது எல்லா வீட்டுக்கும் உள்ள நடைமுறைதான் என்று அவருக்கு யாராவது பக்கத்தில் நின்று சொல்லியிருந்தால் வீடு கிடைத்திருக்கும். அதைச் சொல்ல ஒரு பெரிய தொண்டு நிறுவனம் தேவையில்லை. குடியிருப்போர் நலச் சங்கத்துச் செயலாளர் போதும். எங்கள் செயலாளர் இப்போது அந்தப் பெண்ணுக்காக வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார். விசாரித்து வருகிற ஆளுக்குத் தானே பதில் சொல்வதாகவும் சொல்லியிருக்கிறார். சைரன் மனிதர்கள் சொன்னால் செய்வார்கள்.

நாம் செய்துவந்த உதவியின் கணக்கைக் கொஞ்சம் கவனித்தால் ஒன்று தெரியும். தீபாவளிக்குப் புடவை, வெள்ளத்துக்குப் பாய், பள்ளி திறந்தால் நோட்டுப் புத்தகம். எல்லாம் முகாமுக்கு உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கிற உதவி; கொடுத்ததும் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். முகாமிலிருந்து ஒருவர் வெளியே வருவதற்கு உதவுவது வேறு ஜாதி வேலை. அதற்கு வீடு கொடுக்க வேண்டும், கடனுக்கு ஜாமீன் நிற்க வேண்டும், வேலைக்குச் சொல்ல வேண்டும், கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போக வேண்டும். பர்மாக்காரர்களுக்கு இந்தப் புறநகர் அதையெல்லாம் பெரிய யோசனையில்லாமல் செய்தது. காரணம், அவர்கள் இங்கேதான் இருக்கப்போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு இருப்பாரா என்று தெரியாதவருக்கு யாரும் ஜாமீன் நிற்பதில்லை. எனவே கேள்வி சுற்றிச் சுற்றிக் காகிதத்துக்கே வருகிறது.

அதைக் கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நாம்தான். புழல், கும்மிடிப்பூண்டி முகாம்கள் திருவள்ளூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. ஆவடியும் பூந்தமல்லியும் அதே தொகுதி. அம்பத்தூர் ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதி. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருபவரிடம் குடிநீர், சாக்கடை, பட்டா எல்லாம் கேட்டு முடித்த பிறகு இதையும் கேளுங்கள்: முகாமில் பிறந்து வளர்ந்தவர்களின் குடியுரிமைக்காக நாடாளுமன்றத்தில் என்ன பேசப்போகிறீர்கள்? காவாங்கரை முகாமுக்குள் அவர் ஓட்டுக் கேட்டுப் போகமாட்டார். அங்கே ஓட்டு கிடையாது.